லண்டனில் பழைய வெள்ளி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் வெள்ளி வேலை செய்த ஜான் கேஃப் செய்தது என்று சொல்லி ஒரு ஜோடி மெழுகுவத்தித் தாங்கியை 1,400 பவுண்டுக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட்டிலிருந்து லண்டனுக்கு வந்த ஜான், தாங்கி செய்வதில் பேர்போன ஜேம்ஸ் கூல்டிடம் தொழில் பழகியதைச் சொன்னார். பிறகு தம்பி வில்லியமும் அதே தொழிலுக்கு வந்தது, 1757-ல் ஜான் இறந்தது, 1772-ல் வில்லியம் திவாலானது என்று ஒன்று விடவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தேன், ஒரு வார்த்தை பொய் இல்லை. வினையே அங்கேதான். ஆளைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரியாக இருந்ததால் சாமானைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

அடியில் நான்கு முத்திரைகள்: வெள்ளியின் தரத்துக்கு நடக்கும் சிங்கம், லண்டனில் சோதித்ததற்கு மகுடம் வைத்த சிறுத்தைத் தலை, 1752-ஐக் குறிக்கும் சின்ன 'ஆர்', செய்தவருடைய 'ஐ சி' (ஜே எழுத்துக்கு அப்போது ஐ-தான்).

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கவிழ்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். ஒன்றில் சிங்கம் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மற்றதிலும் அதே சாய்வு. சிறுத்தையின் காதருகே ஒரு கீறல், மற்றதிலும் அதே கீறல். முத்திரைகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடிப்பார்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து அடித்தாலும் இரண்டிலும் இம்மி பிசகாமல் விழாது. அசல் ஒன்றிலிருந்து அச்சு எடுத்து இரண்டு வார்த்திருக்கிறார்கள், முத்திரையும் வார்ப்போடு சேர்ந்து வந்துவிட்டது. அதன் விளிம்புகள் சப்பிய மிட்டாய் போல மழுங்கி, குழிக்குள் மணல் தூவிய மாதிரி பொரிந்திருந்தன. ஜோடியாக வாங்கினால் கடையிலேயே இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

திருப்பிக் கொண்டுபோனேன். ரசீதைக் கேட்டார். அதில் 'ஜார்ஜியன் பாணி வெள்ளித் தாங்கி, ஒரு ஜோடி' என்று இருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்து மாதிரியில் செய்தது என்றுதான் அதற்கு அர்த்தம், அந்தக் காலத்தில் செய்தது என்று இல்லை. ஜானும் இல்லை, 1752-ம் இல்லை. நம் ஊர்ப் பத்தர்கள் பொடி வைத்து ஊதுவார்கள், இவர் ரசீதிலேயே பொடி வைத்திருக்கிறார். பாணி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார், சிரிக்காமல். செய்தவர் பெயரும் ஆண்டும் ரசீதில் வராமல் பணத்தை எடுக்காதீர்கள்.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். நான் லென்ஸை எடுத்தது 47-ம் நாள். அதற்கப்புறம் எல்லாம் இழுபறிதான்.

போலி முத்திரை இங்கே சட்டப்படி குற்றம். லண்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியில் சந்தேகத்துக்கிடமான பழைய வெள்ளியைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. தாங்கிகள் இப்போது அவர்களிடம். போலி என்று முடிவானால் முத்திரையை அழித்துவிடக்கூடும். அழிக்கட்டும், இன்னொருவர் தலையில் விழாமல் இருக்கும்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிக்குள் இன்னொரு ஜோடி, அதே சிப்பி வைத்த மூலைகள். உள்ளே ஒரு வயதான தம்பதியிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். சாமர்செட் வரைக்கும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.