கூரை ஓட்ட இறக்கினதுக்கப்புறம் கான்ட்ராக்டர் சொல்ற கணக்க நம்பாதீங்க - ஏற்காட்டுல பழைய ஓட்டு வீடு வச்சிருக்கறவங்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவுங்க, பொறுத்துக்கோங்க. கான்ட்ராக்டர் பேரு போடல, கேஸ் போடற ஐடியா இருக்கறதால இப்ப போட்டா வம்பு.

எங்க வீடு நாகலூர் போற வழியில இருக்கு. தாத்தா காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தப்ப கட்டினது, சீமை ஓடு, மேல மரக் கைமரம் (ஓட்டு பாரத்த தாங்கற சரிவு மரம்), ஹால்லயும் ரூம்லயும் குளிருக்காக கீழ பலகை சீலிங் அடிச்சிருக்கு, சமையக்கட்டுல மட்டும் சீலிங் கிடையாது. நான் சேலத்துல வேலை பாக்கறேன், அம்மா மட்டும்தான் மேல இருக்காங்க. 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயல் வந்துச்சே, ஒரே நாள்ல 20 சென்டிமீட்டருக்கு மேல கொட்டி மலைப்பாதையில மண் சரிஞ்சு கிடந்துச்சே, அப்பதான் ஹால் சீலிங்ல பழுப்பா பெரிய கறை விழுந்து ஒரு பலகை தொங்கிப் போச்சு. சரி இனி ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது, மொத்தமா பிரிச்சு மாத்திரலாம்னு முடிவு பண்ணோம்.

தெரிஞ்சவர் மூலமா ஒரு கான்ட்ராக்டர் வந்தாரு. வந்து கீழ நின்னபடியே மொபைல்ல நாலு போட்டோ எடுத்தாரு, ஏணி கூட கேக்கல. இங்கயே நான் முழிச்சிருக்கணும். ஓடு இறக்கி, ரீப்பர் (கைமரத்துக்கு குறுக்க அடிக்கற, ஓடு உக்கார்ற சட்டம்) மொத்தமும் மாத்தி, கீழ ஷீட் விரிச்சு, உடைஞ்ச ஓட்டுக்கு புதுசு போட்டு திருப்பி மேய 2,40,000. கைமரம்? "அதெல்லாம் திறந்து பாத்தாதான் சார் தெரியும், அந்த காலத்து மரம், ஒண்ணும் ஆயிருக்காது" அப்டின்னாரு. திறந்து பாத்தாதான் தெரியும்ங்கறது உண்மைதான், அதுல பொய் இல்ல. ஆனா திறந்து பாத்து ஏதாச்சும் இருந்தா ஒரு மரத்துக்கு எவ்ளோன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. 1,20,000 ஜிபே பண்ணேன்.

மே மாசம் கோடை விழா சீசன், ரிசார்ட் வேலை இருக்கு அது இதுன்னு தள்ளித் தள்ளி ஜூலையில வந்தாரு. மழைக்காலத்துல ஏன்யா ஓட்ட பிரிக்கறன்னு அம்மா கேட்டாங்க, நான்தான் இனி விட்டா ஆளு கெடைக்காதும்மான்னு சொன்னேன். ரெண்டே நாள்ல ஓடு முழுசும் இறக்கிட்டாங்க. மூணாவது நாள் நான் ஆபீஸ்ல இருக்கேன், வாட்ஸ்அப்ல வரிசையா 11 போட்டோ. மக்கிப்போன மரம், விரல விட்டா பொலபொலன்னு உதிருது. பின்னாடியே வாய்ஸ் மெசேஜ், "சார் 22 கைமரத்துல 14 போயிருச்சு, உடனே மாத்தலன்னா நான் ஓடு ஏத்த மாட்டேன், நாளைக்கு உங்கம்மா மேல விழுந்தா என்ன கேக்கக்கூடாது, வேங்கை மரம் போட்டுத் தர்றேன், 1,60,000 ஆகும்."

நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க. வீட்டுக்கு மேல வானம், தார்ப்பாய் மட்டும் கட்டி வச்சிருக்கு, வெளிய மேகம் எறங்கி நிக்குது, அம்மா கட்டில நகத்தி சமையக்கட்டு ஓரமா போட்டுட்டு உக்காந்திருக்காங்க. பேரம் பேச நமக்கு கையில ஒண்ணுமே இல்ல. சரிங்கன்னுட்டேன். இத்தன நாளா இவங்க தொழிலே அந்த ஒரு நாள்லதான் ஓடுதுன்னு இப்ப தோணுது.

அன்னிக்கு சாயங்காலமே கழட்டின பழைய மரம், உடைஞ்சதுன்னு ஒதுக்கின பழைய ஓடு எல்லாத்தையும் டெம்போல ஏத்திட்டு போயிட்டாங்க. "குப்பைதான், உங்களுக்கு எடுத்து கொட்ற செலவு மிச்சம்"னாராம். அம்மா மட்டும் சமையக்கட்டு கைமரம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேட்டிருக்காங்க, அது கருப்பா இருக்கே, கருப்பா இருந்தா மக்கிருச்சுன்னு அர்த்தம்னு பதில் சொல்லிருக்காரு. அது 60 வருஷம் விறகடுப்பு புகை படிஞ்ச கரிங்க. புகை பட்ட மரத்த பூச்சி லேசுல தொடாதுன்னு ஊருல எந்தப் பாட்டிய கேட்டாலும் சொல்லுவாங்க.

வேலை முடிஞ்சு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, புது கைமரம் எல்லாம் கருஞ்சிவப்பா பாலிஷ் போட்டு பளபளன்னு. அக்டோபர் மழையில மறுபடி ஒழுகுச்சு. போன் பண்ணா "வர்றேன் சார்", அப்புறம் ரிங் மட்டும் போவுது, அப்புறம் அதுவும் இல்ல. கடைசில அம்மாவே கீழ ஊர்லருந்து வயசான ஆசாரி ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க. அவரு ஏணி போட்டு ஏறினதும் மொதல்ல சொன்னது, "ஏனுங்க, மரம் முறுக்கிட்டு நிக்குதுங்களே, பச்ச மரத்த போட்டிருக்காங்க." காயாத மரம் காயக்காய வளைஞ்சு, ஓடு தூக்கி, சந்து விட்டிருக்கு, அதுல தண்ணி. அப்புறம் உளி எடுத்து பாலிஷ ஒரு விரக்கடை சீவினாரு. உள்ள வெளிர் ரோஸ் கலர்ல, மீன் செதில் மாதிரி மினுமினுன்னு புள்ளி புள்ளியா. கீழருந்து அண்ணாந்து பாத்துட்டு அம்மா சொல்லிட்டாங்க, "இது சில்வர் ஓக்குடா." நம்ம மலையில காப்பிக்கு நெழலுக்கும் மிளகுக்கொடி ஏத்தவும் நட்ட மரம். பொட்டி செய்யலாம், பிளைவுட்டுக்கு போகும், ஈரம் பட்ற கூரையில போட்டா கரையானுக்கு விருந்து. எனக்கு பில்லு மட்டும் வேங்கைக்கு.

அன்னிக்கு ராத்திரி அந்த 11 போட்டோவ திருப்பி பெருசு பண்ணி பாத்தேன். ஒரு மரத்துல வளைஞ்ச துருப்பிடிச்ச ஆணி, பக்கத்துல முட்டை மாதிரி ஒரு கணு ஓட்டை. அதே ஆணி, அதே ஓட்டை, நாலு போட்டோல. ஒண்ணு தலகீழா, ஒண்ணு தண்ணி தெளிச்சு. எண்ணிப் பாத்தா மொத்தமே மூணு மரம்தான், அதுவும் மூணும் நுனி மட்டும். ஆசாரி சொன்னாரு, கைமரம் பெரும்பாலும் செவுத்துல உக்கார்ற நுனியிலயும், ரெண்டு சரிவு சேர்ற இடத்துல தகரம் ஓட்டையானா அதுக்கு கீழயும்தான் மக்கும், திருப்புளியால குத்தினா தெரிஞ்சிரும், சுத்தியால தட்டினா நல்ல மரம் கணீர்னு கேக்கும் மக்கினது பொத்துனு கேக்கும், நுனி போனா நுனிய வெட்டிட்டு ஒட்டு சேத்துக்கலாம், முழு மரத்த ஏன் தூக்கணும்னு. செவுத்துமேல படுக்கிற கட்டை ஒண்ணு உண்மையிலயே மக்கியிருந்துச்சு, அத அப்படியே வச்சு மேல பாலிஷ் அடிச்சுட்டு போயிருக்காங்க. சிரிக்கறதா அழறதா தெரியல.

இனிமேதான் கூத்தே. நவம்பர்ல ஆசாரியோட சேலத்துல ஒரு பழைய மரக்கடைக்கு போனேன், பழைய கைமரம் நாலு வாங்கலாம்னு. செவுத்துல சாத்தி வச்ச மரத்துல ஒண்ணு பச்ச பெயின்ட். 1998ல அக்கா கல்யாணத்துக்கு ஹால் கைமரத்துக்கெல்லாம் எங்க சித்தப்பா அடிச்சது, சீலிங் போடறதுக்கு முன்னாடி. பிரஷ்ஷு மயிரு ரெண்டு பெயின்ட்லயே ஒட்டி காஞ்சிருக்கும், சின்ன வயசுல ஏணில ஏறி அத பிச்சிட்டு அடி வாங்கிருக்கேன். இருந்துச்சு. பக்கத்துலயே கரி படிஞ்சது அஞ்சு. கடைக்காரர கேட்டா, "பழைய வேங்கைங்க, வைரம் பாஞ்சது, இப்ப இந்த மாதிரி கெடைக்காது"ன்னு கன அடி கணக்குல ஒரு ரேட்டு சொன்னாரு. அவரு மேல தப்பில்ல, அவரும் காசு குடுத்துதான் வாங்கிருக்காரு. எங்க வீட்டு மரத்த நானே காசு குடுத்து வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏத்தி திருப்பி கொண்டு வந்தேன்.

ஓடும் அப்படித்தான். எங்க ஓட்டுக்கு அடியில பாசல் மிஷன் 1865னு அச்சு இருக்கும், அது ஓடு செஞ்ச வருஷம் இல்ல, மங்களூர்ல அந்த தொழிற்சாலை ஆரம்பிச்ச வருஷம். கஃபே, ரிசார்ட் கட்றவங்க இத தேடி வாங்கறாங்க. உடைஞ்சதுன்னு சொல்லி புதுசா 600 ஓட்டுக்கு பில் போட்டிருக்காரு. ஆசாரி மேல போய் எண்ணினா புதுசு 340 கூட வரல. நூறு சதுர அடிக்கு சுமாரா 130லருந்து 150 ஓடு பிடிக்கும், இந்த கணக்கு தெரிஞ்சிருந்தா நானே அன்னிக்கு கேட்டிருப்பேன்.

அதனால ஓட்ட பிரிக்க விடறதுக்கு முன்னாடி சீலிங் பலகை ரெண்டு கழட்டி நீங்களோ தெரிஞ்ச ஆசாரியோ உள்ள தலைய விட்டு பாத்துருங்க. மக்கின மரம் மாத்தணும்னா என்ன மரம், கன அடி எவ்ளோ, கூலி எவ்ளோன்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க. இறக்கற மரம் ஒண்ணொண்ணுக்கும் சாக்பீஸ்ல நம்பர் போடச் சொல்லுங்க, நீங்க பாக்காம எதுவும் டெம்போ ஏறக்கூடாது.

நான் வக்கீல் நோட்டீஸ் விட்டதும் ஒரு 35,000 திருப்பி அனுப்பினாரு, அதோட சரி. மீதிக்கு சேலத்துல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம்னு இருக்கேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். வாய்ஸ் மெசேஜ், ஜிபே, அந்த நாலு ஆணி போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு. யாராச்சும் இந்த மாதிரி போட்டவங்க இருந்தா எவ்ளோ நாள் ஆச்சுன்னு சொல்லுங்க.

பிப்ரவரியில மழை இல்லாதப்ப ஆசாரி வந்து சில்வர் ஓக்க பூரா கழட்டறாரு. கழட்டினத என்ன பண்றதுன்னு கேட்டேன். அம்மா கோழிக்கூண்டு கட்டணுமாம்.