46 வருடக் குசினிக்குப் புது லாச்சிகள்

எங்கள் வீட்டுக் குசினியை 1978 ஆம் ஆண்டு அப்பா கட்டுவித்தார். மூன்று விறகடுப்புகள், அவற்றின் மேலே புகைக்கூடு, ஒரு மூலையில் அம்மி, சுவரோடு சேர்த்து ஊற்றிய இரண்டு சீமெந்துத் தட்டுகள், அவ்வளவுதான் அன்று அதில் இருந்தவை. போரினால் நேர்ந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின்னர் நாங்கள் திரும்பி வந்தபோது கதவும் யன்னல்களும் இருக்கவில்லை. அடுப்பும் அம்மியும் இருந்தன. அதன் பிறகு தேவைப்பட்ட நேரமெல்லாம் ஒரு மேசை, ஒரு அலுமாரி, ஒரு இறாக்கை என்று சேர்த்துக்கொண்டே போனதில், 2024 தொடக்கத்தில் அந்த அறைக்குள் இரண்டு பேர் ஒன்றாக நின்று சமைக்க இடமில்லாமல் போயிற்று.

யாழ் நகரை அண்டி இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்திடம் குசினியைத் திருத்தியமைக்கும் வேலையை ஒப்படைத்தோம். குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். 11 அடிக்கு 12 அடி அறைக்கு, ரைல்ஸ், கிரனைட், அலுமாரிகள், மின்வேலை எல்லாம் சேர்த்து 940,000 ரூபாய் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கடைசிவரை கூட்டவில்லை. ஐந்து கிழமையில் முடிப்பதாகச் சொன்ன வேலைக்கு எட்டுக் கிழமை எடுத்தார்கள். அந்த மூன்று கிழமைத் தாமதத்தை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

நான் முதலில் பாராட்ட வேண்டியது அவர்கள் அளவெடுத்த விதத்தை. கடைகளில் ஆயத்தமாக விற்கும் சமையல் மேடைகள் பெரும்பாலும் 36 அங்குல உயரத்தில் வருகின்றன. அம்மாவுக்கு வயது 74, உயரம் 4 அடி 10 அங்குலம். வேலைக்குப் பொறுப்பாக வந்த தச்சர் அளவுநாடாவை எடுப்பதற்கு முன்பு ஒரு பலகையைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒருக்கா இதிலை நிண்டு வெங்காயம் வெட்டுங்கோ பாப்பம்" என்றார். அம்மா வெட்ட வெட்ட அவர் பலகையை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, அம்மாவின் தோள் உயராமல் கை இலகுவாக அசைந்த இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அது 32 அங்குலத்தில் நின்றது. முழங்கைக்குக் கீழே நான்கைந்து அங்குலத்தில் மேடை இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று அவர் விளக்கியதை, மாலையில் தோள் நோவுக்கு எண்ணெய் தேய்ப்பதை அம்மா விட்ட பிறகுதான் நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

அடுத்ததாக அவர் கேட்டது, குசினியில் உள்ள சாமான் முழுவதையும் விறாந்தையில் பரப்பிவைக்கும்படி. தாச்சிகள், சருவச்சட்டிகள், இடியப்ப உரல், இடியப்பத் தட்டுகள், திருவலை, மிளகாய்த்தூள் பேணிகள், அரிசிமாவும் உழுத்தம்மாவும் ஒடியல்மாவும் போட்ட தகரங்கள் என்று ஒவ்வொன்றின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்ட பிறகுதான் லாச்சிகளின் ஆழத்தைத் தீர்மானித்தார். கீழ் அலுமாரிகளுக்குக் கதவு போடாமல், முழுவதுமாக வெளியே இழுபடும் தண்டவாளத்தில் 11 லாச்சிகள் அமைத்துத் தந்தார்கள். கதவு போட்ட அலுமாரியின் பின்பக்கத்தில் உள்ள பாத்திரத்தை எடுக்க முதியவர் ஒருவர் முழங்காலிட வேண்டும். லாச்சியில் அந்தப் பாத்திரம் தானாக முன்னே வருகிறது. அடுப்புக்குக் கீழே உள்ள பெரிய லாச்சியில் இரும்புத் தாச்சி இரண்டையும் கிடாரத்தையும் வைத்திருக்கிறோம். ஒரு வருடமாகியும் அது தொய்யவில்லை, ஒரு விரலால் தள்ளினாலும் ஓசையின்றி மூடுகிறது. கொடுத்த பணத்துக்கு மிகச் சிறந்த பயன் இந்த லாச்சிகளில்தான் கிடைத்தது என்று தயங்காமல் சொல்வேன்.

நீத்துப்பெட்டி, சுளகு, பனையோலைப் பெட்டிகள் போன்றவற்றுக்கு மூடிய அலுமாரி ஆகாது. மழைக்காலத்தில் காற்றுப் படாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும் கொளுக்கிகளும் போதும் என்று அவர்களே சொன்னார்கள். செலவு மிகச் சிறிது. பார்வைக்கு அந்த மூலைதான் குசினியில் அழகான இடம்.

விறகடுப்பைப் பற்றி எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அவர்கள் கொண்டுவந்த முதல் வரைபடத்தில் அடுப்பும் புகைக்கூடும் இல்லை. அந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி நின்றது. 2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டில் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற எவருக்கும் விறகடுப்பை இடிக்க மனம் வராது. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் சோறு வெந்தது அந்த அடுப்பில்தான். மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, புகைக்கூட்டைச் சுத்தம் செய்து, முன்பக்கத்துக்கு ஒரு தகரக் கதவு போடும்படி கேட்டோம், மறுபேச்சின்றிச் செய்தார்கள். அதேபோல, 12.5 கிலோ சிலிண்டரை அடுப்புக்குக் கீழே அலுமாரிக்குள் வைக்கும் திட்டத்தையும் நாங்கள்தான் மாற்றச் சொன்னோம். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும் என்பதால், சிலிண்டர் இப்போது வெளிச்சுவரோரம் கம்பிக்கூட்டுக்குள் நிற்கிறது. இந்த யோசனை அவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடுமையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. சிங்க்குக்குக் கீழே உள்ள அலுமாரியை 'தண்ணீர் பிடிக்காத பலகை' என்று சொல்லிச் செய்தார்கள். கார்த்திகை மழை விடாமல் பெய்த நாட்களில் அதன் அடிப்பக்கம் வீங்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிய பாண் போல உள்ளே போயிற்று. மேல் ஒட்டு உரிந்த இடத்தில் தெரிந்தது மரநாரைப் பசையில் அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை. விளிம்பு வழியாகச் சொட்டு நீர் புகுந்தாலும் அது மீளாது. எங்கள் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை நிலத்தை ஈரமாகவே வைத்திருக்கிறது, கறையானும் அந்த ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. சிங்க்குக்கு அடியில் இந்தப் பலகையை வைப்பது தெரிந்தே செய்த தவறு. முதலில் குழாய் கசிவு எங்கள் பொறுப்பு என்றார்கள். படங்களையும், 'தண்ணீர் பிடிக்காத' என்று அவர்களே எழுதிய விலைச்சீட்டையும் காட்டிய பிறகு, ஒரு மாதம் கழித்து வந்து அந்தப் பகுதி முழுவதையும் அலுமினியத்தில் மாற்றி, அடியில் நான்கு அங்குல உயரத்துக்குச் சீமெந்துத் திண்ணை கட்டித் தந்தார்கள். பணம் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் அம்மா முற்றத்துக் கிணற்றடியில் பாத்திரம் கழுவியதை என்னால் மறக்க முடியவில்லை.

கறுப்புக் கிரனைட் தெரிவு செய்தது எங்கள் பிழை. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. துடைக்காமல் விட்ட ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகக் காய்கிறது. சாம்பல் நிறத்தில் போட்டிருந்தால் இவ்வளவு தெரியாது. புளியும் தேசிக்காயும் பட்டும் கல் மங்கவில்லை என்பது ஆறுதல்.

இவர்களிடம் வேலை கொடுக்கலாமா என்று கேட்ட இரண்டு உறவினருக்கும் கொடுக்கலாம் என்றே சொன்னேன். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பலகை என்று பெயர் சொல்லி எழுதி வாங்கும்படியும், மொத்தத் தொகையில் பத்திலொரு பங்கை முதல் மாரி முடியும் வரை கையில் வைத்திருக்க முன்கூட்டியே பேசிக்கொள்ளும்படியும் சொல்லியிருக்கிறேன்.

தீராமல் இருப்பது இரண்டு மேடைகளும் சந்திக்கும் மூலை அலுமாரி ஒன்றுதான். அதற்குச் சுழலும் தட்டுப் போடுவதாகச் சொன்னவர்கள் இன்னும் போடவில்லை. கை எட்டாத அந்த இருட்டுக்குள் அம்மா, தைப்பொங்கலுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பித்தளைப் பானையை வைத்திருக்கிறார்.