சொலிஃபெனாசின், மிராபெக்ரான்: ரெண்டையும் சாப்பிட்டவ சொல்றேன்

அடிக்கடி யூரின் வர்றது, வந்தா ஒரு நிமிஷம்கூட அடக்க முடியாம போறது, நைட்டு மூணு நாலு தடவ எந்திரிக்கிறது, இதுக்கு ரெண்டு மாத்திரை, முதல்ல ஒன்னு, அத நிறுத்திட்டு இன்னொன்னுன்னு சாப்பிட்டிருக்கேன், பொம்பளைங்க நாம இத வெளிய பேசறதே இல்ல, அதனாலதான் கூச்சப்படாம எழுதறேன். எனக்கு 54 வயசு. வாசல்ல நின்னு சாவிய எடுத்தாலே முட்டிக்கிட்டு வரும், கதவத் திறக்கறதுக்குள்ள நனைஞ்சிரும். முதல்ல பார்த்த டாக்டர் வயசானா அப்படித்தாம்மான்னு அனுப்பிட்டார், அத நம்பி ரெண்டு வருஷம் போச்சு, இப்ப நெனச்சாலும் ஆத்திரமா வருது.

அடுத்துப் பார்த்த லேடி டாக்டர் எடுத்த உடனே மாத்திரை எழுதல. யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன் இல்லைன்னு பார்த்தாங்க, போயிட்டு வந்தப்புறம் நீர்ப்பையில மிச்சம் நிக்குதான்னு ஸ்கேன் பண்ணாங்க, அப்புறம் மூணு நாள் அளவு கப்புல புடிச்சு நோட்டுல எழுதச் சொன்னாங்க. பாதி தடவ 80 மில்லி, 100 மில்லிதான். 300, 400 மில்லி தாங்க வேண்டிய பை ரொம்பறதுக்கு முன்னாடியே சுருங்குதுன்னு அந்த நோட்டப் பார்த்துதான் எனக்கே புரிஞ்சுது.

முதல்ல சொலிஃபெனாசின் 5 மி.கி, தினம் ஒன்னு. நீர்ப்பைத் தசைய சுருங்கச் சொல்ற சிக்னலைத் தடுக்கற வகை. அவசரம் நல்லாவே குறைஞ்சுது, அதுல குறை சொல்லமாட்டேன். ஆனா வாய் காயறது இருக்கே, நடுராத்திரி நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு முழிப்பு வரும், தண்ணி குடிச்சா மறுபடி பாத்ரூம். மலச்சிக்கல் வேற. கண்ணுல க்ளாக்கோமா, அதான் கண் அழுத்த நோய், இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க, ரொம்ப வயசானவங்களுக்கு இந்த வகை மாத்திரையால மறதி, குழப்பம்கூட வரலாம், அம்மாவுக்கோ மாமியாருக்கோ வாங்கறவங்க இதக் கேக்காம வாங்காதீங்க.

மூணு மாசம் பார்த்துட்டு மிராபெக்ரானுக்கு மாத்தினாங்க, முதல்ல 25, அப்புறம் 50 மி.கி. இது வேற ரூட்டு, பை ரொம்பற நேரத்துல தசையத் தளர வைக்குது. வாய் காயல, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. பிபி ஏறலாம்னு சொன்னதால அடிக்கடி செக் பண்ணிக்கறேன், பிபி 180/110க்கு மேல கட்டுப்படாம இருந்தா இதக் கொடுக்கறதில்ல. உடைக்காம மெல்லாம முழுசா முழுங்கணும். ஒன்னு சொல்றேன், ரெண்டு வாரத்துல ஒன்னும் ஆகலையேன்னு நிறுத்திடாதீங்க, முழுப் பலன் தெரிய எட்டு வாரம்கூட ஆகும், எனக்கு ஆறாவது வாரம்தான் வித்தியாசமே தெரிஞ்சுது.

இருமினா தும்மினா கசியுதுன்னா அது வேற பிரச்சினை, அதுக்கு இந்த மாத்திரைங்க இல்ல, இடுப்புத்தளப் பயிற்சிய, அதாவது யூரின அடக்கற தசைய இறுக்கி இறுக்கி விடறத, மூணு மாசமாவது விடாம செய்யணும். மெனோபாஸுக்கு அப்புறம் கீழ வறட்சி, எரிச்சல் இருக்கறவங்க ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பத்திக் கேளுங்க, எனக்கும் அதக் கூடவே கொடுத்தாங்க.

இப்ப நைட்டு ஒரு தடவதான் எந்திரிக்கிறேன். போன வாரம் நோட்டுல மறுபடி எழுதிப் பார்த்தேன், காலைல 320 மில்லி.