ஒரே நாளில் கடல்மீன் தொட்டி தயார் என்பவர்களிடம் எச்சரிக்கை

நன்னீர்த் தொட்டியைப் பல ஆண்டுகள் பராமரித்த பழக்கம் இருந்ததால், கடல்மீன் தொட்டியையும் சமாளித்துவிடலாம் என்ற துணிச்சல் எனக்கு இருந்தது. தொட்டி, கல், உப்பு, மீன் எல்லாவற்றையும் தாமே தருவதாகவும், தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன் விடலாம் என்றும் சொன்ன ஒரு விற்பனையாளரிடம் மொத்த வேலையையும் ஒப்படைத்தேன். "மறுநாளே" என்ற சொல்லைக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகிய பிறகே ஒரு தொட்டி மீன் வாழத் தகுதி பெறுகிறது. இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். கடலுக்குள் கிடந்து நுண்ணுயிர்கள் குடியேறிய கல்லை லைவ் ராக் என்பார்கள்; ஈரம் காயாமல் கொண்டுவரப்பட்ட நல்ல லைவ் ராக் இருந்தால், பாக்டீரியாக்கள் கல்லோடு சேர்ந்தே வருவதால் காலம் குறையும். அவரும் இதையே சொல்லித்தான் என்னுடைய 200 லிட்டர் தொட்டிக்கு 20 கிலோ லைவ் ராக் விற்றார். வந்து சேர்ந்ததோ, அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாள் சுற்றப்பட்டு, கலகலவென்று உலர்ந்து கிடந்த கல். கடல் வாடை துளியும் இல்லை. கல்லின் மேல் இயற்கையாகப் படரும் ஊதாப் பாசி திட்டுத்திட்டாக இருக்கும். இதிலோ அடிப்பக்கம், குழி, விரிசல் என எல்லா இடத்திலும் ஒரே ஊதா நிறம். "கழுவிக் காயவைத்து அனுப்புவதுதான் சுத்தம், சார்" என்றார். காய்ந்த பிறகு அதில் உயிர் ஏது? காய்ந்த கல் மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன்; பொறுமையாகப் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பவர்களுக்கு அது போதும். அதற்குச் சாயம் பூசி லைவ் ராக் என்ற பெயரில் விற்பதுதான் மோசடி.

கல்லில் இல்லாத பாக்டீரியாவை ஈடுகட்ட ஒரு புட்டி மருந்தையும் ஊற்றினார். இத்தகைய புட்டிகள் எல்லாமே ஏமாற்று அல்ல; ஆனால் இந்தப் புட்டியில் காலாவதித் தேதி இருந்த இடத்தின் மேல் கடையின் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்ததை, பிரச்சினை முற்றிய பிறகே கவனித்தேன். புட்டி வேலை செய்கிறதா என்று அறிவதற்கு எளிய வழி உண்டு: மீன் விடுவதற்கு முன் சிறிதளவு அம்மோனியாவைத் தொட்டியில் சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்குகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு ப்ளூ டேங், ஒரு மாண்டரின் என நான்கு மீன்களை விட்டார். ப்ளூ டேங் வளர்ந்தால் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் வரும், ஓயாமல் நீந்தும் அந்த மீனுக்கு என் தொட்டி எந்தக் காலத்திலும் போதாது. மாண்டரினின் கதை இன்னும் பரிதாபமானது. அது கல்லிடுக்குகளில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழும் மீன். காய்ந்த கல் நிறைந்த புதுத் தொட்டியில் அவற்றில் ஒன்றுகூட இருக்க வழியில்லை.

நான்காம் நாள் ப்ளூ டேங் மேல்மட்டத்தில் நின்று வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. அழைத்ததும் விற்பனையாளர் வந்தார்; சோதனைத் தாள் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, பயண அலுப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விட்டுச்சென்ற டப்பாவின் உறையைப் பிறகு படித்தேன். நைட்ரேட், நைட்ரைட், பி.எச்., கடினத்தன்மை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. மீனைக் கொல்லக்கூடிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் சோதித்துக் காட்டியிருக்கிறார். தனியாக அம்மோனியா சோதனைத் திரவம் வாங்கிப் பார்த்தபோது, மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் இலைப் பச்சையாக மாறியது. பாதித் தண்ணீரை மாற்றியும் அன்றிரவே ப்ளூ டேங் இறந்தது. மாண்டரின் வயிறு ஒட்டி, மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையே உப்பிலும் ஒரு கோளாறு. ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக உப்புநீரையே ஊற்றச் சொல்லியிருந்தார். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். நீரின் உப்பளவை அறிய அவர் கொடுத்த ஹைட்ரோமீட்டர் எப்போதும் கடல்நீருக்கு உரிய 1.025 என்றே காட்டிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு, உப்பளவை ஒளியின் வழியாக அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தால் 1.031. ஹைட்ரோமீட்டர் முள்ளில் பழைய உப்பு பொருக்காகப் படிந்து அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ பயன்படுத்திய கருவியைத் துடைத்துப் புதிதென்று கொடுத்திருக்கிறார்.

இழப்பீடு கேட்டபோது, மீன்களுக்கு 7 நாள் உத்தரவாதம் என்று முதலில் சொன்னவர், "தண்ணீர் சரியாக இருந்ததை நானே சோதித்துக் காட்டினேனே, பராமரிப்புக் குறைபாட்டுக்கு நான் பொறுப்பல்ல" என்று கைவிரித்தார். ரசீதைக் காட்டி வாதாடலாம் என்று எடுத்துப் பார்த்தால், "கல் - 20 கிலோ, கடல்மீன் - 4" என்று மட்டுமே எழுதியிருந்தது. லைவ் ராக் என்ற சொல்லும் இல்லை, மீன்களின் பெயரும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. வாங்கிய அன்றே அதைப் படிக்காதது என் தவறு.

லைவ் ராக் வாங்குபவர்கள், அது தண்ணீருக்குள் இருக்கும்போதே பார்த்து வாங்குங்கள். மீன் வாங்குபவர்கள், அது கடைத் தொட்டியில் இரை எடுப்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். இரண்டின் பெயரையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தப்பிப் பிழைத்த கோமாளி மீன்கள் இரண்டும் இப்போது நண்பர் ஒருவரின் பழைய தொட்டியில் இருக்கின்றன. என் தொட்டியில் அம்மோனியா பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை.