வெளிச்சம் அளக்கிற லக்ஸ் மீற்றர் வாங்கப்போற ஆசிரியர்கள் கவனம்: என்ர 18,500 ரூபா போச்சு

இப்பதான் அதை வித்த கடைக்காரன் என்னை புளொக் பண்ணினவன். கோபம் ஆற முதலே எழுதுறன்.

திருகோணமலையில உயர்தரப் பிள்ளையளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறன். ஒரு விளக்கிலயிருந்து இரண்டு மடங்கு தூரம் போனா வெளிச்சம் கால்வாசியாகும் எண்டதைப் பிள்ளையள் தாங்களே அளந்து பார்க்கவேணும் எண்டு கன நாள் ஆசை. அளவுக் கருவி விற்கிற ஒரு பேஸ்புக் கடையில லக்ஸ் மீற்றர் கண்டன். 18,500 ரூபா.

கண்ட உடனே காசு போடேல்லை. எடுத்துக் கதைச்சன். பெடியன் வீடியோவில கருவியைக் காட்டி, வெள்ளைக் குமிழுக்குக் கீழ இருக்கிற வெளிச்சத்தை உணருற சிலிக்கன் போட்டோடயோட் வரைக்கும் விளங்கப்படுத்தினான். சொன்னது எல்லாம் சரி. "சேர், படிக்கிற பிள்ளையளின்ர சாமானில விளையாடுவனா? எங்கட அம்மாவும் ரீச்சர்தான்" எண்டான். அந்தச் சொல்லிலதான் விழுந்தன். அண்டைக்கே முழுக் காசையும் வங்கியில போட்டன்.

சாமான் வந்தது. அறையை இருட்டாக்கி, பல்ப்பிலயிருந்து 50 சென்ரிமீற்றரில வைச்சம், 240 லக்ஸ். ஒரு மீற்றரில 60க்குக் கிட்ட வரவேணும். வந்தது 190! மூடியைப் போட்டு மூடினாலும் 40 காட்டுது. நேர் மத்தியான வெயில் ஒரு லட்சம் லக்ஸுக்குக் கிட்ட வரும். இது 9,000த்தோட நிண்டிட்டுது. பெட்டியில மட்டும் இரண்டு லட்சம் வரை அளக்குமெண்டு அடிச்சிருக்கு.

ஒரு பிள்ளை கேட்டா, "சேர், அப்ப விதி பிழையோ?" எண்டு. 18,500 ரூபாவை விட அதுதான் நெஞ்சுக்குள்ள நிக்குது.

எடுத்துச் சொன்னா, முதல்ல "பற்றரி மாத்திப் பாருங்கோ." மாத்தினன். பிறகு "உங்கட ஊர்க் கரண்ட் ஏறி இறங்கும் சேர்." பற்றரியில வேலை செய்யிற கருவிக்கும் மூடியைப் போட்டா வாற 40க்கும் ஊர்க் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு மனேஜர் லீவாம். ஆறு மாத உத்தரவாதச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, மறுமொழி இல்லை. இண்டைக்கு புளொக்.

வாங்கேக்க என்னென்ன பார்க்கவேணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், இப்ப மனம் வரேல்லை. முழுக் காசை முன்னுக்குப் போடாதையுங்கோ. வீடியோவில மூடியைப் போட்டுப் பூச்சியம் காட்டச் சொல்லுங்கோ. தூரத்தை இரட்டிப்பாக்கிக் காட்டச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டா விடுங்கோ.

நாளைக்கு வகுப்பிருக்கு. வெள்ளைத் தாளில தேங்காயெண்ணெய்ப் பொட்டு வைச்சு, இரண்டு பல்ப்புக்கு நடுவில நகர்த்தி, இரண்டு பக்க வெளிச்சமும் சமனாகிப் பொட்டு மறையிற இடத்தில தூரத்தை அளக்கப்போறம். புன்சன் எண்ட விஞ்ஞானியின்ர பழைய முறை. அந்தப் பிள்ளைக்கு விதி பிழையில்லை எண்டு காட்டவேணும்.