மார்ஃபின் மாத்திரையா, ஃபென்டனில் பேட்சா, டிரமடாலா?

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளின் வலியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். டிரமடால் என்றால் சாதாரண வலி மாத்திரை, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் என்றால் வசதியானது, மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம். போகிற வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மூன்றும் ஓபியாய்டு குடும்பம்தான், அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்துகள். எனக்குப் பயம் அதிகம் மார்ஃபினைப் பார்த்து அல்ல, பேட்சைப் பார்த்துத்தான்.

டிரமடாலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு 400 மி.கி.தான் உச்சம். வலி அதற்கு மேல் ஏறினால் கூட்ட இடமில்லை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. மிதமான வலிக்குக் கொஞ்ச காலம் கை கொடுக்கும், அவ்வளவுதான்.

மார்ஃபின் சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். அதுதான் அதன் பலமே. டோஸ் கூடிப்போனால் சீக்கிரம் தெரியும், சீக்கிரம் குறைக்கலாம். 10 மி.கி. வீதம் நாளைக்கு 6 வேளை என்றால் மொத்தம் 60. இடையில் வலி திமிறினால் கூடுதலாகத் தரும் டோஸ் பொதுவாக நாள் கணக்கில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 10. அதையும் நோட்டில் எழுதி வைத்தால்தான் அடுத்த முறை டாக்டர் கணக்குப் போட முடியும். அளவு நிலைத்த பிறகு 12 மணி நேர மாத்திரைக்கு மாறலாம். விலையும் பேட்சைவிட எவ்வளவோ குறைவு.

குமட்டலும் தூக்கமும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதை எழுதாத சீட்டைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மலம் இறுகிய வேதனையில் நோயாளி மார்ஃபினையே நிறுத்திவிடுவார்.

கசகசா தரும் அதே செடியின் பாலிலிருந்து வருவதுதான் மார்ஃபின். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. ஆனால் 1985 போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014 திருத்தம் வழியைக் கொஞ்சம் எளிதாக்கியது. 'அடிமையாகிவிடுவாரோ' என்ற பயம்தான் இன்னும் விடவில்லை. வலிக்கு ஏற்ற அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் அது அபூர்வம். திடீரென்று நிறுத்தக் கூடாது, அது வேறு விஷயம்.

அப்புறம் பேட்ச். ஒட்டினால் 72 மணி நேரம். விழுங்க முடியாத தொண்டைப் புற்றுநோயாளிக்கும், விடாமல் வாந்தி எடுப்பவருக்கும் இது வரம். சிறுநீரகம் கெட்டவருக்கு மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும்; அங்கேயும் பேட்சுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் மணிக்கு 25 மைக்ரோகிராம் இறக்கும் பேட்ச் ஒன்று, நாளைக்கு 60 முதல் 90 மி.கி. மார்ஃபினுக்குச் சமம். ஓபியாய்டே பழகாத உடம்பில் முதல் மருந்தாக அதை ஒட்டுவது ஆபத்து.

ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் நடுப்பகலில் தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை. கருவிழி நடுவே கண் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு வெறும் 8. முதுகில் பேட்ச், அதன் மேலேயே வெந்நீர்ப் பை. மருமகள் பாசத்தோடுதான் ஒத்தடம் கொடுத்திருந்தார். சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. பேட்சைக் கழற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழற்றிய பின்னும் தோலடியில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருந்ததால், மறுநாள் காலை வரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.