மாருதி ஜிப்சிக்கான கிங்பின் ஓவர்ஹால் செட்: பேரிங் நன்று, ஷிம் போதாது

பழைய ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கு, மிதமான வேகத்தில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும் அனுபவம் புதிதல்ல. வீல் பேலன்ஸ், சக்கரங்களை இணைக்கும் ஸ்டியரிங் தண்டின் முனையான டை ராட் எண்டு, அதிர்வைத் தணிக்கும் டாம்பர் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பிறகே பலரும் முன்சக்கரத்தைத் தாங்கி ஸ்டியரிங்குடன் திரும்பும் நக்கிளுக்கும், அதன் மேலும் கீழும் அச்சாணியாக இருக்கும் கிங்பின்களின் பேரிங்குகளுக்கும் வருகிறார்கள். அந்த வேலைக்கென உதிரிபாகக் கடைகளில், தயாரிப்பாளர் பெயர் எதுவும் அச்சிடப்படாமல் விற்கப்படும் செட்டை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன்.

பேரிங்குகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு டேப்பர் ரோலர் பேரிங்குகளும் தடையின்றிச் சுழன்றன. ரோலர்கள் உருளும் வெளி வளையங்களான கப்புகள் தம் இடத்தில் இறுக்கமாக அமர்ந்தன. பழைய கப்புகளைக் கழற்றியபோது, சக்கரம் பெரும்பாலும் நேராகவே நிற்பதால் ரோலர்கள் ஒரே இடத்தில் அடி வாங்கி, நகத்தால் வருடினாலே தட்டுப்படும் கோடுகள் பதிந்திருந்தன. இந்நிலையில் ரோலர்கள் அமைந்த உள் வளையமான கோனை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

செட்டின் பலவீனம் ஷிம் தகடுகளில் இருக்கிறது. கிங்பின்னுக்கும் நக்கிளுக்கும் இடையில் வைக்கும் இத்தகடுகளில் ஒன்றைக் குறைத்தால் பேரிங் மீதான முன் அழுத்தம் கூடும், சேர்த்தால் தளரும். ஆயில் சீல் இல்லாத நிலையில் தராசை மாட்டி இழுக்கும்போது நக்கிள் நகரத் தொடங்குவதற்கான இழுவிசை 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது சுஸுகியின் அளவு. இதற்கு 0.1 மில்லிமீட்டர் தகடுகள் அவசியம். பெட்டியில் இருந்தவையோ அனைத்தும் 0.5 மில்லிமீட்டர். ஒன்றை வைத்தால் நக்கிளில் ஆட்டம் தெரிந்தது, எடுத்துவிட்டால் தராசு முள் 3 கிலோவைத் தாண்டியது. தூக்கி எறியாமல் வைத்திருந்த பழைய மெல்லிய தகடுகளைத் துடைத்து, மைக்ரோமீட்டரில் அளந்து சேர்த்த பின்னரே 1.4 கிலோவில் நிறுத்த முடிந்தது.

அளக்கும்போது டை ராட் எண்டைக் கழற்றி, சீல் தகட்டின் எட்டு போல்ட்டுகளையும் எடுத்து, சீலைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். அச்சின் முனையிலுள்ள உருண்டையைச் சீல் பிடித்துக்கொண்டிருக்கும்போது கையால் ஆட்டிப் பார்த்து ‘டைட்டாக இருக்கிறது’ என்று சொல்லும் மெக்கானிக், உண்மையில் ரப்பரின் இறுக்கத்தையே உணர்கிறார். தராசைப் பொறுத்தவரை, எண்ணை நிலைநிறுத்தச் சற்று நேரம் எடுக்கும் டிஜிட்டல் வகையைவிடச் சாதாரண ஸ்பிரிங் தராசே மேல். டை ராட் துளையில் கொக்கியை மாட்டி, நக்கிள் கைக்குச் செங்குத்தாக இழுக்கும்போது, அது அசையும் கணத்தின் அளவு முள்ளில் தெளிவாகத் தெரிகிறது.

உதறலுக்குப் பயந்து தேவைக்கு மேல் இறுக்குவதும் தீர்வல்ல. பவர் ஸ்டியரிங் இல்லாத இவ்வண்டியில் அதன் விளைவு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தெரிந்துவிடும்: வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது, ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டியிருக்கும்.

சீல்களின் விளிம்பு மென்மையாகவும் சீராகவும் இருக்கிறது. சேற்றைத் தடுக்கும் ஃபெல்ட் பட்டை மட்டும் மெல்லியது. சேற்றில் ஓட்டுபவர்கள் அதைத் தனியாக வாங்குவது நல்லது.

பேரிங்குக்காகவும் சீலுக்காகவும் இந்த செட்டை வாங்கலாம். ஆனால் கடையிலேயே பெட்டியைத் திறந்து ஷிம்களின் தடிமனைப் பார்த்துவிடுங்கள்; 0.1 இல்லையென்றால் அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்கிய பிறகே வண்டியை ஜாக்கியில் ஏற்றுங்கள். உடன் வரும் கிரீஸ் பொட்டலமும் பேரிங்குகளுக்கே சரியாகப் போய்விடும் என்பதால், நக்கிளின் உள்ளே நிரப்புவதற்கு லித்தியம் கிரீஸ் தனியாக வேண்டும்.